கரையில் நின்ற கண்கள்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

விளையாட்டை விரும்பாத மாணவியர் உண்டோ? ஆடத் தெரியாதவர் இருக்கலாம். ஆட வெட்கப்படுவோரும் சிலர் இருக்கலாம். ஆனால் பிறர் ஆடக் கண்டு கைதட்டி ஆர்ப்பரிக்காதவர் எவரும் இலர். வென்றவருக்கு மாலை, தோற்றவருக்கு ஆறுதல், நடுவருக்கு வசவு. இம்மூன்றும் ரசிகர் கூட்டம் எந்நாட்டிலும் தவறாமல் வழங்கும் பரிசுகள். ஆடுகளத்தின் ஓரத்தில் கழுத்தில் விசிலுடன் நிற்கும் பயிற்சியாளரை மட்டும் நாம் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அணி தோற்றால்தான் அவருடைய பெயரே நம் நினைவுக்கு வருகிறது. அப்படிக் கரையோரம் நின்ற ஒரு பயிற்சியாளரைப் பற்றியும், அவர் செய்த செயலைக் கண்டு உலகெங்கும் உள்ள ரசிகர்கள் என்ன சொன்னார்கள் என்பது பற்றியும் இங்கே எழுத விழைகின்றோம். எங்கள் வகுப்பில் பல நாள் நடந்த வாதத்தின் சாரமே இக்கட்டுரை. ஆதலால் 'நான்' என்று எழுதாமல் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

எங்கள் உடற்கல்வி ஆசிரியை ஒருநாள், செய்தித்தாளிலிருந்து வெட்டி எடுத்து வைத்திருந்த பழைய வண்ணப்படம் ஒன்றை வகுப்பு அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார். எங்கும் நீல நிற நீர். அதன் அடியில் ஒரு பெண், கைகால்கள் தளர்ந்து, உறங்குபவள் போல் கிடக்கிறாள். மற்றொரு பெண் அவளை நோக்கிக் கையை நீட்டியபடி நீந்தி வருகிறாள். படத்தை முதலில் பார்த்தவர்கள் அதை ஏதோ நாட்டியக் காட்சி என்றே எண்ணினார்கள். அவ்வளவு அழகாக இருந்தது அது. கீழே இருந்த குறிப்பைப் படித்த பிறகுதான், அது ஓர் உயிர் ஊசலாடிய நேரம் என்பது விளங்கிற்று.

2022-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள். ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் உலக நீர் விளையாட்டுப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. அன்று மகளிர் தனிநபர் கலை நீச்சலின் இறுதிச் சுற்று. அமெரிக்காவின் சார்பில் நீரில் இறங்கியவர் 25 வயதான அனிதா அல்வாரெஸ். பெயரைக் கேட்டதுமே எங்களுக்கு ஒரு நெருக்கம் உண்டாயிற்று. எங்கள் பள்ளியிலேயே எத்தனை அனிதாக்கள்!

கலை நீச்சலை நேரில் கண்டவர்கள் நம்மில் மிகச் சிலரே இருப்பர். இசைக்கேற்ப நீரில் ஆடும் நாட்டியம் என்று அதைச் சொல்லலாம். 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் முதல் அது ஒலிம்பிக் விளையாட்டுகளுள் ஒன்றாக இருந்து வருகிறது. நீருக்கடியிலும் ஒலிபெருக்கி வைத்திருப்பார்கள்; ஆடுபவர் தலைகீழாக மூழ்கியிருக்கும்போதும் தாளம் கேட்கவேண்டும் அன்றோ? மூக்கில் நீர் ஏறாதிருக்க ஒரு கிளிப். கூந்தல் கலையாதிருக்க ஜெலட்டின் பூச்சு. நீரில் கரையாத ஒப்பனை. குளத்தின் தரையில் கால் ஊன்றுதல் கூடாது. தலைகீழாக மூழ்கிக் கால்களை மட்டும் நீருக்கு மேலே நீட்டிச் சுழலும்போது மூச்சை அடக்கியே ஆகவேண்டும். மேலே வந்ததும் முகத்தில் புன்னகை தவழவேண்டும். மூச்சு முட்டுவதை முகம் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது. பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் எளிதாகத் தோன்றவேண்டும் என்பதே அக்கலையின் இலக்கணம்.

அனிதா அன்று தம் ஆட்டத்தை முழுவதும் ஆடி முடித்தார். இசை நின்றது. மேலே வந்து மூச்சு வாங்கவேண்டியவர், மெல்ல மெல்லக் கீழே இறங்கினார். அரங்கில் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போது கரையில் நின்ற அவருடைய பயிற்சியாளர் ஆந்த்ரேயா ஃபுவென்டஸ், உடுத்தியிருந்த அரைக்கால் சட்டையோடும் டீ ஷர்ட்டோடும் குளத்தில் பாய்ந்தார். அடித்தரை வரை சென்று, நினைவிழந்து கிடந்தவரைப் பற்றி மேலே கொணர்ந்தார். பிறகு இன்னொருவரும் நீரில் இறங்கித் துணைசெய்ய, அனிதாவைக் கரை சேர்த்தனர். ஏறத்தாழ இரண்டு நிமிடம் அனிதாவுக்கு மூச்சு இல்லை என்று ஃபுவென்டஸ் பின்னர் கூறினார். ஸ்ட்ரெச்சரில் வைத்து அவரைக் கொண்டு சென்றபோது, உடன் நீந்தும் தோழியர் குளக்கரையில் ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டு நின்றனர். நல்லவேளையாக அனிதா பிழைத்துக்கொண்டார். அப்போட்டியில் ஜப்பானின் யுகிகோ இனுய் தங்கம் வென்றார். அனிதாவுக்கு ஏழாம் இடம். ஆனால் அன்றைய பதக்கப் பட்டியலை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

நீருக்கடியில் எடுத்த அந்தப் புகைப்படங்கள் மறுநாளே உலகெங்கும் செய்தித்தாள்களில் வெளியாயின. கலை நீச்சலின் பெயரையே அறியாத கால்பந்து, கிரிக்கெட் ரசிகர்களும் அதைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் பேசியதெல்லாம் மூன்று வகைக்குள் அடங்கும். எங்கள் வகுப்பும் சொல்லிவைத்தாற்போல் அதே மூன்று கட்சிகளாகப் பிரிந்தது.

முதல் கட்சி வீரக் கட்சி. "உடுத்திய உடையோடு குதித்தாரே, என்ன துணிச்சல்!" என்பது அவர்கள் பேச்சு. இரண்டாவது கோபக் கட்சி. "உயிர்காப்பாளர்கள் கரையில் நின்று வேடிக்கையா பார்த்தார்கள்?" என்று அவர்கள் பொங்கினார்கள். மூன்றாவதற்கு அம்மாமார் கட்சி என்று பெயர் சூட்டினோம். ஏனென்றால் வீட்டில் இக்கதையைச் சொன்னபோது எங்கள் அம்மாக்கள் அனைவரும் பேசிவைத்துக்கொண்டதுபோல் ஒன்றையே சொன்னார்கள்: "உயிரைவிடவா பதக்கம் பெரிது? அந்தப் பெண் இனி நீந்தவே வேண்டாம்."

மூன்று கட்சிகளின் வாதங்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம்.

துணிச்சல் என்பது உண்மையே. ஆனால் துணிச்சல் மட்டுமே என்றால் பாதிக் கதையைத்தான் சொன்னதாகும். ஃபுவென்டஸ் ஸ்பெயின் நாட்டவர். 2008-இல் பெய்ஜிங்கிலும் 2012-இல் லண்டனிலும் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் மூன்று வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்றவர். நீருக்கடியில் மூச்சடக்கி வாழ்ந்தவர் என்றே சொல்லலாம். அதற்கும் மேலாக, அவர் அனிதாவை அறிந்தவர். 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பார்சிலோனாவில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டியிலும் அனிதா இதேபோல் ஆட்டத்தின் முடிவில் மயங்கினார். அன்றும் குதித்துக் காத்தவர் இதே பயிற்சியாளர்தாம்.

எங்களை வியப்பில் ஆழ்த்திய செய்தி இன்னொன்று உண்டு. ஆட்டம் முடிவதற்கு முன்பே அனிதாவின் பாதங்கள் வழக்கத்தைவிடச் சற்று வெளுத்திருந்ததைத் தாம் கண்டதாக ஃபுவென்டஸ் கூறியிருக்கிறார். தோழியரே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அரங்கில் இருந்தவர் எல்லாரும் அந்தப் பாதங்களைத்தாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவர்கள் அவற்றின் நேர்மையை அளந்தார்கள். ரசிகர்கள் அவற்றின் அழகை ரசித்தார்கள். அவற்றின் நிறம் மாறியதைக் கண்டவை கரையில் நின்ற இரண்டு கண்களே. எங்கள் வகுப்பில் ஊர்க் கிணற்றில் நீந்தப் பழகிய தோழி ஒருத்தி இருக்கிறாள். அவள் சொன்னாள்: "மூச்சடக்கி முங்கினவள் மேலே வரத்தான் துடிப்பாள். கீழே போகிறாள் என்றால் அவளாகப் போகவில்லை என்று அர்த்தம்." பயிற்சியாளரும் கிட்டத்தட்ட இதையேதான் விளக்கியிருக்கிறார். பாய்ந்தது ஒரு நொடி வேலை. பல ஆண்டுகளாக ஒரு பெண்ணை உற்றுக் கவனித்து வந்ததன் பலன் அந்த ஒரு நொடி.

இனிக் கோபக் கட்சியின் வாதம். உயிர்காப்பாளர்கள் தாமதித்தார்கள் என்று ஃபுவென்டஸே வருந்தினார். ஆட்டம் நடக்கும்போது நடுவர்கள் சைகை காட்டினாலன்றி அவர்கள் நீரில் இறங்கக் கூடாது என்பது விதி என்று போட்டியின் மருத்துவப் பொறுப்பாளர்கள் விளக்கம் அளித்தனர். விதி எதற்காக ஏற்பட்டது என்பது விளங்கவே செய்கிறது. மூழ்குவதே ஆட்டமாக இருக்கும் ஒரு விளையாட்டில், மூழ்கியவரை எல்லாம் தூக்கப் பாய்ந்தால் ஆட்டம் நடவாது. எனினும் விதி காத்திருக்கலாம்; மூச்சு காத்திருக்குமா? வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். நீரில் மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை. கையை வீசி அழைப்பதும் இல்லை. சினிமாவில்தான் அப்படி. உண்மையில் அது ஓசையில்லாத ஆபத்து. ஆதலால் காவலுக்கு நிற்பவர் யாராயினும், சைகையை எதிர்பார்ப்பதோடு முகத்தையும் மூச்சையும் பார்க்கப் பழகவேண்டும் என்பதில் கோபக் கட்சியும் மற்றவர்களும் ஒன்றுபட்டோம்.

அம்மாமார் கட்சிக்கு அனிதாவே விடை தந்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து நடந்த குழுப் போட்டியில் நீந்தத் தாம் தயார் என்றார். போட்டியை நடத்திய உலக நீச்சல் சம்மேளனம் அதற்கு இசையவில்லை. அவர் கரையில் நின்று தம் குழுவினரை உற்சாகப்படுத்தினார். அம்முடிவு சரியே என்பது எங்கள் எண்ணம். ஆசை உள்ளவர் தாமே தமக்கு நீதிபதியாக இருக்க இயலாது. ஆனால் அத்துடன் கதை முடியவில்லை. 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் குழு கலை நீச்சலில் வெள்ளிப் பதக்கம் வென்றது. 2004-க்குப் பிறகு அவ்விளையாட்டில் அந்நாட்டிற்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அக்குழுவில் அனிதாவும் இருந்தார். பயிற்சியாளராக ஃபுவென்டஸும் இருந்தார். இதைக் கேட்டபின் அம்மாமார் கட்சியில் சிலர் மட்டும் எங்கள் பக்கம் சாய்ந்தனர். மற்றவர் இன்னும் அசையவில்லை.

அம்மாக்களின் அச்சத்திலும் ஓர் உண்மை உண்டு. அதை உணர்த்தும் வரலாறு ஒன்று அந்தக் குளத்தின் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. அனிதா மயங்கிய குளம் டான்யூப் ஆற்றின் நடுவே மார்கரெட் தீவில் உள்ளது. அதன் பெயர் ஆல்பிரட் ஹாயோஷ் நீச்சல் வளாகம். யார் இந்த ஹாயோஷ்? அவருக்குப் பதின்மூன்று வயதானபோது அவருடைய தந்தை அதே டான்யூப் ஆற்றில் மூழ்கி இறந்தார். அதன்பின் அச்சிறுவன் நீந்தக் கற்றான். 1896-இல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் தன் 18-ஆம் வயதில் இரண்டு தங்கம் வென்றான். அன்று நீச்சல் போட்டி நடந்தது குளத்தில் அன்று. குளிர்ந்த திறந்த கடலில். 1200 மீட்டர் போட்டியில், வெல்லவேண்டும் என்ற ஆசையைவிட உயிரோடு கரை சேரவேண்டும் என்ற ஆசையே தம்மை உந்தியது என்று பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். அவர் ஹங்கேரிக்காகக் கால்பந்தும் ஆடினார். 1906-இல் அந்நாட்டின் தேசியக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார். பின்னாளில் கட்டடக் கலைஞராகி அந்த நீச்சல் வளாகத்தை வடிவமைத்தவரும் அவரே. தந்தையைப் பறித்த நீரைக் கண்டு ஓடாமல், ஊரார் பிள்ளைகள் நீந்தப் பழகுவதற்கு ஓர் இடம் அமைத்துக் கொடுத்தார் அவர்.

துணிவுக்கும் பயிற்சிக்கும் உள்ள உறவை நாங்கள் அறிந்துகொண்டது மற்றொரு வரலாற்றால். அமெரிக்காவில் கால்பந்து என்றால் நாம் ஆடும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அதில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் என்னும் அணிக்காக ஆடியவர் ஜோ டெலனி. 1983-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள், லூசியானா மாநிலத்தில் மன்ரோ என்ற ஊரில், நீரில் தத்தளித்த மூன்று சிறுவரைக் காக்க அவர் குதித்தார். அவருக்கு நன்றாக நீந்தத் தெரியாது. ஒரு சிறுவன் பிழைத்தான். மற்ற இருவரும் மாண்டனர். 24 வயதான டெலனியும் மாண்டார். அவர் அணிந்த 37-ஆம் எண் சட்டையை அவ்வணியில் அதன்பின் எவரும் அணிந்ததில்லை. ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாக நீந்தக் கற்பிக்கும் தொண்டும் அவர் பெயரால் நடந்திருக்கிறது. கைதட்டலோடும் கண்ணீரோடும் நின்றுவிடாமல், இன்னொரு குழந்தை மூழ்காதிருக்க வழிசெய்யும் அன்பு உயர்ந்ததன்றோ? டெலனியின் நெஞ்சில் இருந்த துணிவு ஃபுவென்டஸின் நெஞ்சில் இருந்ததற்குக் குறைந்ததன்று. இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு நீச்சல் ஒன்றே.

இதை எழுதும்போது எங்கள் வகுப்பை நாங்களே ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டோம். நீந்தத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களும் ஊர்க் கிணற்றில், முதுகில் காலி டின்னைக் கட்டிக்கொண்டு, அண்ணன்மாரோடும் மாமன்மாரோடும் பழகியவர்கள். வயது வந்ததும் அதுவும் நின்றுபோயிற்று. "பெண்பிள்ளைக்கு நீச்சல் எதற்கு?" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தண்ணீர் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை என்பதே அவர்களுக்கு எங்கள் பணிவான விடை. இதைப் படிக்கும் பெற்றோர்கள் சற்றே சிந்திக்க வேண்டுகிறோம்.

எங்கள் அறிவியல் ஆசிரியை சொன்ன செய்தி ஒன்றையும் இங்கே குறிப்பிடவேண்டும். மூச்சை அடக்கும்போது நம்மை 'மூச்சு விடு, மூச்சு விடு' என்று துடிக்கவைப்பது முக்கியமாக உடலில் சேரும் கரியமில வாயுதான். ஆக்சிஜன் குறைவதை உடல் அவ்வளவாக உணர்த்துவதில்லை. முங்குவதற்கு முன் பலமுறை வேகமாக மூச்சை இழுத்து விட்டால் கரியமில வாயு குறைந்துபோகும். பிறகு நீருக்கடியில் ஆக்சிஜன் தீர்ந்தாலும் உடல் எச்சரிக்காது. விளக்கை அணைத்தாற்போல் நினைவு தப்பிவிடும். ஆகவே கோடை விடுமுறையில் கிணற்றிலோ குளத்திலோ 'யார் அதிக நேரம் முங்கியிருப்பது?' என்று பந்தயம் கட்டாதீர்கள். யாரேனும் மூழ்கக் கண்டால், பயிற்சி இல்லாதவர் உடனே குதிக்காதீர்கள். கூச்சலிட்டுப் பெரியவர்களை அழையுங்கள்; கயிறு, கழி, தாவணி, காலிக் குடம், எது கிடைத்தாலும் எட்டிக் கொடுங்கள். அதுவும் வீரமே.

ரசிகர்களின் கைதட்டல் வெறும் ஓசைதானா என்றும் எங்களுள் ஒரு கேள்வி எழுந்தது. 2021-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் கோபன்ஹேகனில் டென்மார்க்கும் பின்லாந்தும் மோதிய கால்பந்தாட்டத்தில், டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று களத்திலேயே சாய்ந்தார். அணித்தலைவர் சைமன் கியார் ஓடிவந்து உதவினார். பிற வீரர்கள் அவரைச் சுற்றி வட்டமாக நின்று, வேடிக்கை பார்க்கும் கண்களிலிருந்து மறைத்தார்கள். ஆட்டம் நின்றிருந்த அந்த நேரத்தில் பின்லாந்து ரசிகர்கள் 'கிறிஸ்டியன்' என்று குரல் கொடுக்க, டென்மார்க் ரசிகர்கள் 'எரிக்சன்' என்று எதிர்க்குரல் கொடுத்தார்கள். எதிர் அணியினர் என்ற எண்ணம் அங்கே கரைந்துபோயிற்று. எரிக்சன் பிழைத்தார், 2024-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் மீண்டும் தம் நாட்டுக்காக கோல் போட்டார். அன்று அரங்கில் இருந்தவர்கள் மருத்துவர்களும் அல்லர், வீரர்களும் அல்லர். ஒரு மனிதனின் பெயரைச் சொல்லி அழைக்க மட்டுமே அவர்களால் இயன்றது. அதை அவர்கள் செய்தார்கள்.

எங்கள் வாதத்தில் எந்தக் கட்சி வென்றது என்று கேட்பீர்களாயின், விடை சொல்வது கடினம். ஆனால் மூன்று கட்சியினரும் ஒரு கருத்தில் இசைந்தோம். பார்ப்பது வேறு, கவனிப்பது வேறு. ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் மூழ்கிவிட முடியும். கவனிக்கும் ஒருவர் கரையில் இருந்தால் அவர் பிழைத்துக்கொள்வார்.

நம் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழியும் புன்னகையோடுதான் இருக்கிறாள். கேட்டால் "ஒன்றும் இல்லை" என்றுதான் சொல்வாள். அவள் மதிய உணவு கொண்டுவரவில்லை என்பதும், இரண்டு நாளாக அவள் குரல் இறங்கியிருக்கிறது என்பதும் தினமும் உடன் இருக்கும் நம் கண்களுக்கன்றி வேறு யார் கண்ணுக்குத் தெரியும்? பதக்கம் வாங்கும் திறமை எல்லார்க்கும் வாய்க்காது. கவனிக்கும் திறமை எல்லாராலும் பழகக் கூடியது. தோழியரே, வரும் கோடையில் வாய்ப்புள்ள அனைவரும் நீந்தக் கற்றுக்கொள்வோம். வாய்ப்பு இல்லாதோர் ஒருவரையொருவர் கவனிக்கக் கற்றுக்கொள்வோம்.